பால் எடுக்கக் கையுறை

ஃபிரிட்ஜைத் திறக்கக்
கம்பளிக் கையுறை மாட்டுகிறேன்.
மருந்து ஏறிய முதல் ஐந்து நாள்
குளிர்ந்த எதுவும் முள்.
பால்புட்டி முள். குழாய்த் தண்ணீர் முள்.
வாசற்கதவின் கைப்பிடி
முள்கூட இல்லை, மின்சாரம்.

இதை மே மாதத்தில் ஆரம்பித்திருக்கலாமே என்றேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
கட்டி தெரிந்ததே ஆகஸ்டில்தான்.

சுவாவ்கியில் அக்டோபர்
யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
போலந்திலேயே எங்களுக்குத்தான் முதல் பனி என்று
இந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமை வேறு.
பிர்ச் மரங்கள் ஒரே வாரத்தில்
சில்லறையாக மாறி
நடைபாதையெங்கும் இறைந்துவிட்டன.
பெருக்குகிறவன் திட்டிக்கொண்டே பெருக்குகிறான்.
நான் கழுத்திலிருந்து மூக்குவரை சால்வை சுற்றி
கடன் வாங்குகிறவளைப் போல
கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை வாங்குகிறேன்.

இருபத்திரண்டு வருடமாகச் சாவி வெட்டுகிறேன்.
பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கிற கடை.
இரண்டு கையும் வேலையாயிருந்தால்
சாவியைப் பல்லில் கடித்துக்கொள்வது பழக்கம்.
இப்போது வாயில் சாவி இல்லை,
பித்தளை ருசி மட்டும் இருக்கிறது.
சூப்பில், ரொட்டியில், ரிஷார்டின் முத்தத்தில்.

முத்தத்தைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

காலையில் கோட்டுப் பைக்குள் கை விட்டால்
சாவிக்கொத்து சூடாக இருக்கிறது.
ரேடியேட்டர் மேல் வைத்திருந்து எடுத்துப் போட்டிருக்கிறான்.
நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.
எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கும்.

ஒரு புதன் விட்டு ஒரு புதன் ஆஸ்பத்திரி.
இடுப்பில் ஒரு புட்டியைக் கட்டி அனுப்புவார்கள்.
அதற்குள் சின்னப் பலூன்.
நாற்பத்தாறு மணிநேரம் அது சுருங்கச் சுருங்க
நான் நிரம்புகிறேன்.
வெள்ளிக்கிழமை அதைக் கழற்றும் நர்ஸ் யாகோதா
மகனின் கணக்கு மதிப்பெண்ணைச் சொல்லுவாள்.
நானும் கவலைப்படுவேன், மனப்பூர்வமாக.
அந்தப் பையன் பின்னத்தில் தேற வேண்டும்.
அந்த நிமிஷத்தில்
எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

மேல்மாடி தியோஃபில்
காட்டிலிருந்து கூடை நிறையக் காளான் கொண்டுவந்தான்.
பதினொரு வருடமாகப் பேசாதவன்.
தண்ணீர்க் குழாய்ச் சண்டை.
"நன்றாக வேகவைத்துச் சாப்பிடு" என்று
என் தொப்பியைப் பார்த்துச் சொன்னான்.
வாங்கிக்கொண்டேன்.
நோய்க்கு இப்படியும் ஒரு செல்வாக்கு.
ஆனாலும் குழாய் விஷயத்தில்
தப்பு அவனுடையதுதான்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள்.
புது வீட்டுச் சாவி, மூன்று நகல்.
வெட்டிய ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று
கட்டைவிரலால் தடவினேன்.
இத்தனை வருடம் பொய் சொல்லாத விரல்
ஒன்றுமே சொல்லாமல் இருந்தது.
"நீயே தடவிப் பாரேன்" என்று நீட்டினேன்.
கண்ணை மூடிக்கொண்டு தடவினாள்.
"இங்கே," என்றாள், "இல்லை, இன்னும் கொஞ்சம் கீழே."
அவள் காட்டிய இடத்தில் அரத்தை வைத்து ராவினேன்.
இரண்டு சாவிக்குத்தான் காசு வாங்கினேன்.
கூலி கொடுக்க வேண்டியவள் நான்தானே.

நவம்பர் ஒன்று. ஊரே கல்லறைத் தோட்டத்தில்.
சாமந்திச் சட்டிகள், கண்ணாடி விளக்குகள்,
மெழுகுப் புகை.
மாமியாருக்குப் பக்கத்தில் இரட்டை இடம் ஒன்று
ரிஷார்ட் நான்கு வருடம் முன்பே வாங்கிப் போட்டிருக்கிறான்,
தள்ளுபடியில்.
கல்லில் எழுத்துக்கு இத்தனை ஸ்லோட்டி என்று கணக்கு.
"வ்ரோனா, சின்னப் பெயர்," என்றேன்,
"சல்லிசாக முடிந்துவிடும்."
அவன் பதில் சொல்லாமல் குனிந்து விளக்கைக் கொளுத்தினான்.
காற்று அணைத்தது.
மறுபடி.
மூன்றாவது குச்சியில் பிடித்ததும்
மூடியை நான் போட்டேன்.

கையுறையைக் கழற்றிக்
கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன்.
அடுத்த வீட்டில் யாரோ நடப்பதுபோல்
சூடு
மெல்லக் கேட்டது.

கையை எடுக்கவில்லை.
மாமியார் உயிரோடிருந்தபோது
இவ்வளவு நேரம் அவள் பக்கத்தில்
நான் நின்றதே இல்லை.