இடது பின்பக்கம்

முதலில் கண்டனூர் ரோட்டில்,
மூன்றாவது வேகத்தடையில்.
டொக்.
ஒரே ஒரு டொக்.
யாரோ கதவை ஒரு விரலால் தட்டிவிட்டு
வீடு மாறி வந்துவிட்டோம் என்று போனதுபோல்.

அடைக்கம்மைதான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.
"உங்களுக்குக் கேட்டுச்சா?"
கேட்கவில்லை என்றேன்.
எஸ்டீம், தொண்ணூற்றேழு மாடல்.
கேட்டால் செலவு.

மறுநாள் புதுவயல் போகையில் இரண்டு.
திரும்புகையில் ஐந்து.
ரயில்வே கேட்டில்
எண்ணுவதை விட்டுவிட்டேன்.

செபஸ்தி பட்டறையில் வண்டியைத் தூக்கி
சக்கரத்தைப் பன்னிரண்டு மணியிலும் ஆறு மணியிலும்
பிடித்து ஆட்டிப் பார்த்தான்.
கடப்பாரையை நுழைத்து நெம்பினான்.
"புஷ் போயிருச்சு."
மாற்றினோம். எண்ணூறு.
டொக்.
"அப்ப ஷாக் அப்சார்பர்."
மாற்றினோம். நாலாயிரத்து இருநூறு.
டொக்.
சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பரை மாற்றிவிட்டு
காசு வாங்காமல்
வானத்தைப் பார்த்தான்.

பட்டறைக்குள் வந்துவிட்டால் வண்டி
பொண்ணு பார்க்க வந்தவர்கள் முன் உட்கார்ந்தது மாதிரி.
எவ்வளவு குலுக்கினாலும் வாய் திறக்காது.

"ஒருத்தர் ஓட்டணும் சார்,
ஒருத்தர் டிக்கிக்குள்ள படுத்துக் கேக்கணும்.
வேற வழியில்ல" என்றான்,
தன் வயிற்றைத் தடவிக்கொண்டே.

இப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை,
ஐம்பத்திரண்டு வயதில்,
முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்து
என் சொந்த வண்டியில் நான்
சரக்கானேன்.

இருட்டு. ரப்பர் வாசனை.
எந்த வருசமோ கொட்டிய நல்லெண்ணெய்.
காதுக்கு ஒரு முழம் கீழே ரோடு
என்னென்னவோ சொல்லிக்கொண்டு ஓடியது.
இது தார். இது பாலத்து இணைப்பு. இது சரளை.
இது யாரோ கொள்ளுச்செடி பரப்பிய இடம்,
நாலு நொடி மெத்தை.

டொக் மட்டும் இல்லை.

பின்சீட்டுக்கு அப்பால்
அடைக்கம்மை பேசிக்கொண்டிருந்தாள்.
போனில் அல்ல. என்னிடமும் அல்ல.
முன்னால் போன மினிபஸ்ஸிடம்:
"போ ராசா, நீயே போ."
குறுக்கே வந்த ஆட்டிடம், குட்டியை விட்டுவிட்டு வந்ததற்காக.
வேகத்தடையிடம்கூட ஏதோ ஒரு மன்னிப்பு.
பிறகு கணக்கு: பாலுக்கு, சீட்டுக்கு,
"இந்த மனுசன் நீலச் சட்டைக்கு ரெண்டு பட்டன்."

இருபத்தாறு வருசமாகப் பக்கத்துச் சீட்டில் இருக்கிறேன்.
வண்டி ஓட்டும்போது இவள் பேசுவாள் என்று தெரியாது.
அங்கே ரேடியோ பேசும்.
அது ஓய்ந்தால் நான்.

பள்ளத்தூர் போய்த்தான் டிக்கி திறந்தது.
வெயில் கண்ணில் குத்தியது.
"கேட்டுச்சா?"
கேட்கவில்லை என்றேன்.
டொக்கைப் பொறுத்தவரை உண்மை.

முன்னால் வந்து உட்கார்ந்தேன்.
முதல் பள்ளத்தில் டொக்.
மறுபடி டிக்கி. இல்லை.
மறுபடி முன்சீட்டு. டொக்.
கோட்டையூர் டீக்கடையில்
ஒரு பெண் ஒரே ஆளை
மூன்றாவது தடவையாக டிக்கியில் போட்டு அடைப்பதைப் பார்த்து
கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

செபஸ்தி சிரிக்கவில்லை.
"சார் உள்ள இருந்தா சத்தமில்ல.
சார் வெளிய வந்தா சத்தம்."
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான்.
பிறகு விரிப்பை உருவி, பலகையைத் தூக்கி
ஸ்டெப்னியைக் கையால் உலுக்கினான்.
டொக்.
நடுப் போல்ட்டு மூணு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது.
"இதத்தான் சார்
அமுக்கிப் படுத்திருந்தீங்க."

கையாலேயே முறுக்கினான்.
ஐம்பது ரூபாய் கொடுத்தோம், டீக்கு.

சித்திரையில் திருமயத்தில் பஞ்சர்.
ஸ்டெப்னியை அவசரமாகத் திருப்பி வைத்தவன்
நான்தான்.
அதை யாரும் கேட்கவில்லை.

கண்டனூர் ரோடு. மூன்றாவது வேகத்தடை.
ஒன்றும் இல்லை.
ரேடியோவுக்குப் போன கையை
மடியில் வைத்துக்கொண்டேன்.
"என்ன, இன்னும் கேக்குதா?"
"கவனிக்கிறேன்."

முன்னால் ஒரு ஆடு குறுக்கே வந்தது.
அவள் உதடு அசைந்தது.
எஞ்சின் சத்தத்தில்
என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.