கைமாற்று

டோர்ட்முண்ட் மத்திய வங்கிக் கிளையில்
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர்
மூன்று நீலத் தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்தார்.
ஒவ்வொன்றிலும் ஒரு பெண்முகம்
எழுந்து அமிழ்ந்தது.
பின்பக்கத்தில் பியானோ,
மூடி திறந்தபடி.

"மாற்றுவதற்குக் கெடு உண்டா?"
"மார்க்குக்குக் கெடு இல்லை" என்றார்,
பின்னேரம் மழை வரும் என்பதுபோல.

கெடு வைத்தது நான்.
தொண்ணூற்று மூன்று மாசி. ஹாம் நகரத்து அகதி விடுதி,
இரண்டாம் மாடிப் படி.
குலவீரசிங்கம் செருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.
வழக்கறிஞருக்கு, என்றான். சித்திரைக்குள், என்றான்.
எந்தச் சித்திரை என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் மணிக்கு ஒன்பது மார்க்.
முந்நூறு என்றால்
முப்பத்துமூன்று மணித்தியால நீராவி,
விரல்நுனி சுருங்கி
வேறொருத்தியின் கைபோல ஆகும்வரை.
அன்றைக்கு ஒரு மார்க் இருபத்தெட்டு ரூபாய்.
உண்டியல்காரன் இருபத்தாறுதான் கொடுப்பான்.
அந்த மாதம் அம்மாவுக்கு அதுவும் போகவில்லை.

கடன் அன்பை முறிக்கும் என்று
கடைகளில் எழுதித் தொங்கவிடுவார்கள்.
எங்களுக்குள் அன்பு எங்கே இருந்தது?
ஒரு சுவரும் ஒரு பொது அடுப்பும்தான்.
பிறகு அவன் தெருவின் மறுபக்கத்தால் நடந்தான்.
பேருந்தில் என்னைக் கண்டால்
ஒரு தரிப்பு முன்னால் இறங்கினான்.
பாவம், எவ்வளவு நடந்திருப்பான்.

ஊரே போத்தல்களைக் கவிழ்த்து
சில்லறை மாற்றிய அந்த மார்கழியிலும்
அவனிடம் இந்த மூன்று தாளும் இருந்திருக்கின்றன.
"உன் காசை நான் எப்படி மாற்றுவது?"
போன கிழமை கேட்டான், என் வாசலில்,
பல்லெல்லாம் புதிது.
"வாங்கினது மார்க். தருவதும் மார்க்."
உறைக்குள் நாலாவதாய் இன்னொரு தாள்:
"அது வட்டி."

ஐந்து கோடி மார்க்.
ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்துமூன்று, புரட்டாதி.
பழஞ்சந்தையில் நாலு யூரோவுக்கு வாங்கினானாம்,
பேரம் பேசி மூன்றரைக்கு.

வங்கிக்காரர் நூற்றைம்பத்துமூன்று யூரோவும்
முப்பத்தொன்பது சதமும் எண்ணி வைத்தார்.
ஐந்து கோடியை ஒரு விரலால் திருப்பித் தள்ளினார்:
"இதை நாங்கள் எடுப்பதில்லை."

படிக்கட்டில் நின்று கணக்குப் பார்த்தேன்.
இன்றைய ஆகக்குறைந்த கூலிக்கு
கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணித்தியாலம்.
மிச்சம் இருபத்தொன்று
எந்தக் கண்ணாடிக்குப் பின்னால்?
கேட்கலாம். யாரிடம்?

ரயிலில்தான் வட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.
அச்சடிக்க நேரமில்லாத வெறும் முதுகு.
அதில் பென்சிலால் அவன் கணக்கு:
நூற்றுக்கு இரண்டு என்று தொடங்கி வெட்டி,
நூற்றுக்கு மூன்று, வெட்டி,
முப்பத்திரண்டு வருடம் என்று எழுதி
அதன் கீழே ஒன்றுமில்லை.

கையிலிருந்த பணிஸிலிருந்து ஒரு துகள்
தாளில் விழுந்தது.
அந்த வருடக் கார்த்திகையில்
ஒரு பாண் இருபதாயிரம் கோடி.
அப்படியானால் என் ஐந்து கோடிக்கு
இவ்வளவுதான் கிடைத்திருக்கும்,
கொஞ்சம் கூடக்குறைய.

கமனைத் தாண்டியதும்
பயணச்சீட்டுப் பார்க்க வந்த பெடியன் குனிந்தான்.
"இது என்ன காசு?"

வட்டி, என்றேன்.