அரைத் தட்டுத் தாமதம்

பதிவேட்டில் பிலோமினா ஆரோக்கியம்.
மேடையில் மினா ரோக்.
பெயரை வெட்டியவர் கிளப் முதலாளி குவெக்:
"போஸ்டரில் எழுத்துக்குப் பத்துக் காசு."
அவள் சிரிக்கவில்லை.
நான் சிரித்தேன். நான் டிரம்ஸ்.

செம்பவாங் கப்பற்பட்டறையில் அவள் அப்பா
பாய்லருக்குள் இறங்கிக் கரி சுரண்டுபவர்.
மாலுமி ஒருவன் ஊர் திரும்பும்போது
அவரிடம் விட்டுப்போனது ஏழு ரெக்கார்டு.
ஒன்றில் கீறல்.
ஊசி அங்கே ஒரு சொல்லைத் தாண்டிக் குதிக்கும்.
கீறலும் பாட்டுதான் என்று நம்பி
அவளும் அங்கே குதிக்கக் கற்றாள்.
பின்னாளில் அதை
மினாவின் பாணி என்றார்கள்.

அடுத்த வீட்டுச் சுவர் பலகை.
"என்னடி இது, இங்கிலீஷ் ஒப்பாரி?"
என்று அம்மா.
"ஒப்பாரிதாம்மா. ஆனா
செத்தவன் எழுந்து ஆடுற ஒப்பாரி."

ஞாயிறு மூன்று மணி, டீ டான்ஸ்.
ஒரு டாலர் டிக்கெட்டுக்கு ஒரு ஆரஞ்சு கிரஷ்.
நீசூன் முகாமின் சிவந்த கழுத்துகள்,
சோங் பாங் பையன்களின் கூர்மூக்குச் சப்பாத்து,
வியர்வை, பவுடர், மின்விசிறியின் கிறீச்.
அவள் மைக்கைப் பிடிப்பது
பேருந்தில் கம்பியைப் பிடிப்பது போல.
விட்டால் விழுந்துவிடுவாள்.
ஒன்றில் மூச்சு. இரண்டில் என் அடி.
மூன்றில் அவள் காத்திருப்பு. நாலில்
மறுபடி நான்,
கொஞ்சம் பிந்தி.

அறுபத்தேழில் ஒரே ஒரு ரெக்கார்டு.
சிலேத்தார் பக்கம், கோழிக்கொட்டகையை அடுத்து
முட்டை அட்டை ஒட்டிய அறை.
இரண்டாம் சரணத்தில் விமானம் ஒன்று
தலைக்கு மேலே போனது.
அடுத்த டேக் சுத்தம். எல்லாருக்கும் பிடித்தது.
அவள் விமானத்தைத் தேர்ந்தெடுத்தாள்:
"அது என் சுதியிலதானே போச்சு."
கூலி அறுபது வெள்ளி, ஐந்து பேருக்கு.

எழுபத்தொன்றில் வெள்ளைக்காரன் கப்பலேறினான்.
முன்வரிசை முழுக்க அவனோடு போயிற்று.
அவள் சைகோனுக்குப் போனாள்,
வேறு சிப்பாய்களுக்குப் பாட.
நான் இங்கே அஞ்சலகத்தில்
அவளுக்கு எழுதிய கடிதத்தோடு நின்றேன்.
நீளமுடி ஆண்களைக்
கடைசியில்தான் கவனிப்போம் என்றது சுவரொட்டி.
எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் போனபின்
கவுண்டர் மூடியது.
மறுநாள் முடி வெட்டிக்கொண்டேன்.
கடிதத்தை மட்டும் போடவில்லை.

திரும்பி வந்தாள், கணவன் இல்லாமல், ஒரு மகனோடு.
கிளப்பெல்லாம் டிஸ்கோ;
தட்டு சுழன்றால் போதும், ஆள் வேண்டாம்.
காலாங் தொழிற்சாலையில் உருப்பெருக்கியின் கீழே
மயிரிழைக் கம்பி ஒட்டும் வேலை.
மூச்சை அடக்கினால்தான் கை நடுங்காது.
"மூச்சு எனக்குப் பழக்கம்" என்றாள்.
ராத்திரி ஹோட்டல் லவுஞ்ச்.
நாப்கினில் எழுதி வரும் விருப்பங்கள்:
பிறந்தநாள் பாட்டு, பிறந்தநாள் பாட்டு,
சத்தத்தைக் குறைக்க முடியுமா.

போன மாதம் பிராஸ் பாசாவில்
பழைய ரெக்கார்டுக் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஒன்று:
நூற்றெண்பது வெள்ளி.
காதில் வளையம் போட்ட பையன்
"ரேர், ஆன்ட்டி. பாடினவங்க இப்ப எங்கேன்னே தெரியாது" என்றான்.
"அப்படியா?" என்றாள்.
"நூற்றிருபதுக்குத் தருவியா?"
தரமாட்டான்.
கேட்கவாவது போடு என்றாள்.

ஊசி இறங்கியது.
இருபத்திரண்டு வயதுக் குரல்
கடைக்குள் வந்து
எங்களைக் கண்டுகொள்ளாமல் நடந்தது.
விமானம் வந்தது. போனது.
அவள் கண்ணை மூடிக்கொண்டு
கைத்தடியால் தரையைத் தட்டினாள்,
இரண்டில், நாலில்.
முடிந்ததும் என் பக்கம் திரும்பி,
"ஜோதிமணி,
அப்பவே சொன்னேன். நீ லேட்டு."

பையன் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.
நாங்கள் அதற்குள் லிஃப்டில்.