விடை சொல்ல ஐந்து வினாடி

அயூப் கேட்டது சின்ன விஷயம்.
பன்னிரண்டு இசைத்தட்டு, ஒரு பென்டிரைவ்.
"இரைச்சல் ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது, வடிவு.
காசு தர்றேன்."

ஈசூன், பதினொன்றாம் மாடி.
சாப்பாட்டு மேசையைத் துடைத்துச் சுழல்தட்டை வைத்தேன்.
ஊசி தருவது கொசுவின் முணுமுணுப்பு,
ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு.
அதைப் பேச்சாக்க ஒரு பெட்டி வேண்டும்.
தட்டில் வெட்டும்போது ஒடுக்கிய அடித்தொனியை
மறுபடி கொழுக்க வைத்து,
தூக்கிவிட்ட உச்சத்தை அதே அளவு இறக்கி,
வாங்கிய கடனைத் திருப்பும் கணக்கு அது.
கணக்கில் பிசகும் பெட்டிகளே சந்தையில் அதிகம்.

கெங் ஹுவாட் மூன்றை எடுத்து வைத்தார்.
"கொண்டு போ லா. வீட்டில் கேள்.
ஞாயிற்றுக்கிழமை இரண்டு திரும்பி வரணும்."

முதலாவது அறுபது வெள்ளி.
செருகியதும் ஐம்பது சுழற்சியில் ஒரு தம்பூரா,
யாரும் கேட்காமலே சுருதி போட்டது.
எர்த் ஒயரைத் திருகாணியில் கட்டினேன், பாதி அடங்கியது.
ஃப்ரிட்ஜை அணைத்தேன், இன்னும் கொஞ்சம்.
ஐஸ்கிரீம் உருகும் வரைதான் அந்த அமைதி.

இரண்டாவது எண்ணூறு.
உள்ளே புத்திசாலிச் சில்லு.

மூன்றாவது முந்நூற்று இருபது,
பெயர்கூட எழுதாத சாம்பல் டப்பா.

பாட்டுத் தட்டுகளில் மூன்றும் நன்றாகவே இருந்தன.
நாகசுரம் எந்தப் பெட்டியையும் மன்னித்துவிடும்.

ஏழாவது தட்டில் அகப்பட்டுக்கொண்டேன்.
அது பாட்டில்லை, பாடம்.
தமிழர் மலாய் பேச.
"பெராப்பா ஹர்கா? என்ன விலை? இப்போது நீங்கள்."
பிறகு ஐந்து வினாடி,
கேட்பவர் வாய் திறப்பதற்கென்று விட்டுவைத்த
வெறும் பள்ளம்.

அறுபது வெள்ளி அதில் தம்பூராவை ஊற்றி நிரப்பியது.
எண்ணூறு, "இப்போது நீங்கள்" என்றதும்
கதவைச் சாத்திக்கொண்டது. சுத்தம்.
அத்தனை சுத்தத்தில்
ஒருவரும் பதில் சொல்லியிருக்க முடியாது.
சாம்பல் டப்பாவில்
ஆசிரியரின் மூச்சு. தாள் புரட்டுகிறார். நாற்காலி.
கூடத்துக்கு வெளியே ஒரு லாரி.
அவர் காத்திருந்தார், நிஜமாகவே,
எதிரில் யாரோ திணறுவதைப் பார்ப்பவர்போல.

அதற்குள் என் சன்னலுக்கு வெளியே ரயில் போனது.
ஊசி அதையும் எழுதிக்கொண்டது. திரும்ப முதலிலிருந்து.

இரண்டாம் பக்கம், கடைசிக்கு முந்தின பாடம்:
"சாயா தீடாக் ஃபஹாம். எனக்குப் புரியவில்லை.
இப்போது நீங்கள்."
இங்கேதான் பள்ளம் முழுக்கக் கீறல்.
டிக், டிக், டிடிக்.
விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தேன்.
மற்ற இடமெல்லாம் புதுசுபோல் மின்ன,
ஒரே இடத்தில்
ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்த தடம்.
விலை கேட்க யாருக்கோ சுலபமாக வந்திருக்கிறது.
புரியவில்லை என்று சொல்லத்தான்
அத்தனை பயிற்சி.

ஞாயிறு இரண்டு பெட்டியைத் திருப்பினேன்.
செவ்வாய் இரவு அயூப் கூப்பிட்டான்.
"ஏழாவதுல இரைச்சல் இருக்கு."
"எந்த இடத்துல?"
பதில் இல்லை.
அவன் வீட்டு மின்விசிறி கேட்டது,
அவன் மூச்சும், கீழே எங்கோ ஒரு மோட்டார் சைக்கிளும்.

"பெராப்பா ஹர்கா?" என்றான் கடைசியில்.

நான் ஐந்து வினாடி எடுத்துக்கொண்டேன்.