நாலாம் நம்பர்

பிடித்தால் கத்துகிறது,
பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிப்பதில்லை.
ஒரே சீட்டில் இரண்டு புகார் எழுதி
ஹேண்டில்பாரில் செருகிப் போயிருந்தார்
காலையில் கிளம்பிய விருந்தினர்.

கானாடுகாத்தான் விடுதியின் பின்கட்டில்
ஆறு சைக்கிள்கள் என் பொறுப்பு.
ஐந்துக்குக் கம்பி பிரேக்.
கம்பி நைந்தால் கண்ணுக்குத் தெரியும்.
நாலாம் நம்பருக்கு மட்டும்
எண்ணெய் ஓடும் கறுப்புக் குழாய்.
அதன் நோயை விரல்தான் கேட்க வேண்டும்.

முன் லீவரை இழுத்தேன்.
சாம்பாரில் ஊறிய வடை போல அமுங்கி
கைப்பிடியைத் தொட்டது.
இரண்டாம் இழுப்பில் கொஞ்சம் கெட்டி.
மூன்றாவதில் நல்ல பிள்ளை.
சந்தேகமில்லை, உள்ளே காற்று.
போன வாரம் மதுரையிலிருந்து
வேன் கூரையில் தலைகீழாகக் கட்டி வந்தது
என்பதும் நினைவுக்கு வந்தது.

ஆனால் காற்று கத்தாதே.

சக்கரத்தைக் கழற்றினேன்.
லீவரைத் தொடாதே என்று
எனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டேன்
(தொட்டால் பேடு இரண்டும் கட்டிப்பிடித்துக்கொள்ளும்,
பிரிக்க அரைமணி).
டிஸ்க் அநியாயத்துக்கு மின்னியது.
மூக்கருகே கொண்டுபோனேன்:
தேங்காய் எண்ணெய்.

வளவில் அமலோற்பவம்
ஆத்தங்குடிக் கல்லுக்கு எண்ணெய்த்துணி போட்டுக்கொண்டிருந்தாள்.
கேட்டேன்.
"ஆமா, நாந்தான். நாலு வெள்ளிக்கிழமையா.
தூணு மின்னுது, தரை மின்னுது,
உன் வண்டி மட்டும் செம்மண்ணப் பூசிக்கிட்டு நிக்குது."

இந்த வீட்டில் வழுக்கக் கூடாத பொருள்
அது ஒன்றுதான் என்று
எப்படிச் சொல்வது எனத் தெரியாமல்
எண்ணெய் குடித்த பேடுகளைக் காட்டினேன்.
கருவாட்டுத் துண்டு போல இருந்தன.
"என்ன விலை?"
"எழுநூத்தி அம்பது."
துணியை மடித்தாள். மறுபடி விரித்தாள்.

மதியம், விருந்தினர் இல்லாத நேரம்.
டிஸ்க்கை ஸ்பிரிட்டால் மூன்று தடவை துடைத்தேன்.
பேடு இருந்த இடத்தில் மஞ்சள் கட்டை.
லீவர் தலையில் புனல், கீழே காலிப்பரில் ஊசிக்குழல்.
கை இரண்டுதான் எனக்கு.
"இதைப் பிடி, மெல்ல அமுக்கு."
சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு வந்து பிடித்தாள்.

சிவப்பு எண்ணெய் மேலே ஏறியது.
இரண்டு குமிழி வந்தது, பிறகு ஒன்றுமில்லை.
லீவர் இன்னும் வடைதான்.
ஸ்பேனரை எடுத்து யோசித்துக்கொண்டிருந்தேன்.
அவள் கேட்காமலே
குழாய் வளையும் இடத்தில்
நகத்தால் சுண்டினாள்.
டக். டக் டக்.
கடுகளவு, பிறகு மிளகளவு,
வரிசையாகப் புனலுக்கு வந்து உடைந்தன.

"அவருக்கு ராத்திரி இன்சுலின் போடுறேன்ல,
காத்து எங்க ஒளியும்னு தெரியாதா?"

புதுப் பேடு காரைக்குடியிலிருந்து வர மூன்று நாள்.
வந்ததும் ஊருணிக் கரைச் சரிவில்
வேகமாக இறங்கி, முழுக்க நிற்காமல் பிடித்து விட்டு,
திரும்ப ஏறி,
இருபது தடவை.
பதினைந்து வரை டிஸ்க் முனகியது.
பதினாறில் வாயை மூடிக்கொண்டது.
ஒரு விரல் போதும் இப்போது.

சாயங்காலம் மேனேஜரின் நோட்டு.
பழுது: காற்று, எண்ணெய்க்கறை.
செலவு: எழுநூற்று ஐம்பது.
காரணம் என்ற கட்டத்தில் பெயர் எழுதினால்
அந்தப் பெயரின் சம்பளத்தில் பிடிப்பார்.
பேனாவை வைத்துக்கொண்டு
வெளியே பார்த்தேன்,
வெடித்துக் கிடந்த ஊருணியை,
ஏழு மாதமாக ஒரு தூறல் காணாத வானத்தை.

மழை, என்று எழுதினேன்.