காலிப் பெட்டிகள்

மாலின் நடுக்கூடத்தில் மூன்று மாடி உயர மரம்.
அதன் அடியில் குவிந்திருக்கும் பரிசுகளைக் கட்டியது
நான்தான்.
நூற்றுப் பன்னிரண்டு பெட்டி. ஜிகினாத் தாள், சாட்டின் ரிப்பன்,
மூலை பிசகாத மடிப்பு.
உள்ளே ஒன்றுமில்லை.

ஒரு பையன் கயிற்றுக்கு அடியில் நுழைந்து
ஒன்றைக் காதோரம் வைத்துக் குலுக்கினான்.
"ஆன்ட்டி, சத்தமே வரல."
செக்யூரிட்டி அவனைத் தூக்கி அம்மாவிடம் சேர்த்தார்.
நான் ரிப்பனைச் சரிசெய்தேன்.

பத்தரைக்கு பஸ்.
லிங்கராஜபுரத்தில் இறங்கும்போது
விரல் நுனியெல்லாம் செலோடேப் பிசுக்கு.

எங்கள் வனத்துச் சின்னப்பர் அன்பியத்தில்
கேரல் ரவுண்டு வசூல்
பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது.
ஜெரால்டுக்குப் பதினைந்தடி ஸ்டார் வேண்டும்;
பக்கத்து அன்பியம் பன்னிரண்டு அடியில் கட்டியிருக்கிறதாம்.
பசங்களுக்கு ஒரே கலரில் டீ-ஷர்ட்.
திரேசாள் அக்கா வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னாள்:
"விடியக்காலம் ரோடு கூட்டுற பொம்பளைங்க
கிறிஸ்துமஸ் அன்னிக்கும்தான் வர்றாங்க.
நாம கிழிச்சுப் போடுற தாளெல்லாம்
அவங்க வண்டியிலதான் போகுது."
அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் சண்டை.
ஜெரால்டு கோபித்துக்கொண்டு எழுந்து போனான்.
மறுநாள் சிவாஜிநகரில்
ஸ்வெட்டருக்குத் தொண்டை வறளப் பேரம் பேசியவனும்
அவன்தான்.

நள்ளிரவுப் பூசை.
வாசல் தாண்டியும் பிளாஸ்டிக் நாற்காலிகள்.
எனக்குத் தூக்கம் சொக்கியது.
தொழுவத்தில் அந்தத் தாய்
பிள்ளையைத் துணியில் சுற்றிய இடம் வாசிக்கும்போது
நாளெல்லாம் பொட்டலம் கட்டிய விரல்கள்
மடியில் தானாக ஒரு மடிப்பு எடுத்தன.
எத்தனை வருஷமாகக் கேட்கிற வாசகம்!
அவளும் கையில் கிடைத்ததைக்கொண்டுதான் சுற்றியிருப்பாள்
என்பது இப்போதுதான் உறைத்தது.
முழந்தாளிட்டேன்.
என்ன கேட்டேன் என்று நினைவில்லை.
ஒன்றும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

நற்கருணை வாங்கிய கையோடு
நேரே இட்லிக் கொப்பரைக்கு.
மூன்று பேர் கோழி கழுவ, ஒருத்தி தேங்காய் துருவ,
புதுச் சேலையெல்லாம் புகை.

ஆறு மணி.
வார்டு ஆபீஸ் முன்னால் ஹாஜர் எடுக்கிற இடம்.
வாயைத் திறந்தால் ஆவி வருகிற குளிர்.
முப்பத்தொரு பேர், முப்பத்தொரு ஸ்வெட்டர்.
நான் எதையும் கட்டவில்லை, வேண்டுமென்றேதான்.
தாளே கூடாது என்று எனக்குள் ஒரு கர்வம்.

ஓபுளம்மா மஞ்சளை எடுத்தாள்.
போட்டுப் பார்த்தாள். கழற்றினாள்.
தெலுங்கும் தமிழுமாகக் கேட்டாள்:
"இதை டப்பா மாதிரி கட்டித் தர மாட்டியா,
கடையில கட்டுவாங்களே, அப்படி?
என் கைக்கு எப்பவும்
பிரிச்சதுதான் வருது."

என்னிடம் தாள் இல்லை.
அவள் வண்டியில் இருந்தது:
யாரோ ராத்திரியே பிரித்து எறிந்த பொன்னிறத் தாள்,
ஓரத்தில் கேக் கிரீம்.
கிரீமை முந்தானையால் துடைத்தேன்.
தொடை மேல் வைத்துச் சுருக்கம் போக நீவினேன்.
ரிப்பனுக்கு, அரிசி மூட்டைச் சணல்.
நாலு வருஷ வேலையில்
இவ்வளவு நிதானமாக எதையும் கட்டியதில்லை.
இரண்டு மூலை பிசகித்தான் போயின.

காதோரம் வைத்துக் குலுக்கினாள்.
சத்தம் வரவில்லை.
சிரித்தாள்.
வண்டியின் கைப்பிடியில் பத்திரமாகக் கட்டித் தொங்கவிட்டு
துடைப்பத்தை எடுத்தாள்.

"குளிருதே, இப்பவே போட்டுக்கோயேன்" என்றாள் திரேசாள் அக்கா.

"சாயங்காலம். வீட்ல எல்லார் முன்னாடியும்."

எனக்குப் பத்து மணிக்கு டியூட்டி.
பஸ்ஸில் தூங்கிப்போய்
இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி
நடந்தே வந்தேன்.