ஏழு அந்தோணியம்மாள்

ஈஸ்வர வருஷம், ஆனி பிறந்த கையோடு
அந்தோணியார் திருநாளன்று
ராயபுரம் மடத்து வாசலில் ஒரு கட்டைவண்டி.
ஏழு பெண்பிள்ளைகள்.
எட்டாவதை வழியில் இறக்கிவிட்டதாக
வண்டிக்காரன் சொன்னான்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.

மதர் பெர்பெத்துவாவின் வழக்கம் சுலபம்:
வந்த நாளின் புனிதர் யாரோ, அவர் பெயர்.
ஆக, ஏழும் அந்தோணியம்மாள்.
என் பெயரும் ஒருநாள் மாறியதுதான்,
ஆனால் என்னைக் கேட்டார்கள்.

பதிவேடு என் பொறுப்பு.
அயர்லாந்துக் கன்னியருக்கு ழகரம் வராது.
நாட்டுக் கன்னியர் எங்களுக்கு
முதல் பந்தி வராது.
இரண்டையும் யாரும்
பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை.

சர்க்கார் படி தருவதென்றால் எடை வேண்டுமாம்.
குருவப்ப செட்டி மண்டியிலிருந்து தராசு வந்தது.
ஒரு தட்டில் பிள்ளை, ஒரு தட்டில் வீசைக்கல்.
நாலு வீசை அந்தோணியம்மாள்.
ஐந்தரை வீசை அந்தோணியம்மாள்.
தட்டில் ஒட்டியிருந்த நொய்யை
ஒருத்தி நக்கிவிட்டாள்,
மறுபடி நிறுத்தோம்.

கடற்கரையில் அரிசி மூட்டை மலைமலையாய்,
சுற்றிலும் சிப்பாய்க் காவல்.
திரிகால மணி அடிக்கும்போது
அந்தப் புழுங்கல் நாற்றம்
ஜன்னல் வழியே ஜெபத்துக்குள் வந்து உட்காரும்.

ஓரத்தில், மதருக்குப் புரியாத எழுத்தில்,
பொடிப்பொடியாக எழுதி வைத்தேன்:
புளியங்கொட்டையை விடாதவள்.
தூக்கத்தில் மாடு ஓட்டுபவள்.
இடது காதில் ஈர்க்குச்சி.
பேசாதவள்.
பேசாதவள்.
கஞ்சியை ஒளித்து வைப்பவள்.
ஏழாவதுக்கு எதுவும் எழுதும் முன்
ஆடி வந்துவிட்டது, கோடு போட்டேன்.

ஆவணியில் ஒரு பெண் வாசலுக்கு வந்தாளாம்.
செங்கல்பட்டுக்கு அப்பாலிருந்து, நடந்தே.
'என் பிள்ளை வீராயி இங்கே இருக்கா?'
வாசல் காக்கும் சிஸ்டர் உர்சுலா
பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி
பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறாள்.
நான் அப்போது துணி துவைக்கும் கல்லில்.
'இல்லை அம்மா, அப்படி ஒரு பெயர் இல்லை.'
பொய்யில்லை.
உர்சுலா பொய் சொல்லி நான் கண்டதில்லை.

மாலையில், எண்ணெய்க் கணக்குக்கு நடுவே,
சும்மா சொல்வதுபோல் சொன்னாள்.
உத்தரவு கேட்காமல் ஓடினேன்.
காசிமேட்டுப் பக்கம் வலை உலர்ந்தது.
கோட்டைப் பக்கம் புழுதி.
யாரைக் கேட்பது, என்ன அடையாளம் சொல்லி?

இரவு, பிள்ளைகள் படுத்த கூடத்தில்
விளக்கைத் தாழ்த்திக்கொண்டு
மெல்லக் கூப்பிட்டேன்,
'வீராயி.'

மூன்று தலைகள் எழுந்தன.